சிடுசிடு மேலாளர் வந்திருக்கிறாரா? ஆறு மாதம் இப்படிப் பாருங்கள்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எட்டு வருடம் எங்களுக்கு மேலாளராக இருந்தவரைத் தமிழர்கள் மட்டுமில்லை, சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலையை விட்டுக் கிளம்பிய அன்றைக்குத் தேக்காவிலிருந்து பிரியாணி வந்தது, நாலைந்து பேர் அழுதார்கள், ஃபோர்க்லிஃப்ட் (பாரம் தூக்கும் வண்டி) ஓட்டும் மாமா ஒருவர் அவருடைய கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை புது மேடம் வந்தார். காலை வணக்கம் கிடையாது, பெயர்கூடச் சொல்லவில்லை. நேராக லாரி நிற்கும் இடத்துக்குப் போய், "இந்தப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) ஏன் வழியில் கிடக்கிறது?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "ஒருத்தருக்கும் தெரியாது. சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குள் அவர் இல்லாத வாட்ஸ்அப் குரூப் ஒன்று தயார். அதை ஆரம்பித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் நானே தப்பாகச் செய்து, அப்புறம் திருத்திக்கொண்டவை.

முதல் மாதம்: தீர்ப்பு வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்

நல்ல மனிதர் ஒருவர் போன இடத்துக்கு யார் வந்தாலும் முதல் மாதம் பிடிக்காது. பழையவர் போன வருத்தமெல்லாம் புதியவர் கணக்கில் ஏறும். தே-யில் சர்க்கரை குறைந்தால்கூட அவர்தான் காரணம் என்று தோன்றும். அதனால் முதல் மாதம் யாராவது "மேடம் எப்படி?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்.

எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "இன்றைக்குத் திமிராகப் பேசினார்" என்று எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை, அது உங்கள் கோபத்தின் கணக்குப்புத்தகம். என்ன சொன்னார், யார் முன்னால் சொன்னார், அதற்குப் பிறகு என்ன நடந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பதினொரு குறிப்பு இருந்தது, அதில் ஒன்பது அவருடைய குரலைப் பற்றி. யாருக்கு என்ன நஷ்டம், யாருக்கு என்ன லாபம் என்று சொல்லக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்பது குறிப்பையும் அடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் உண்டு, இது சிங்கப்பூருக்கே உரிய சிக்கல். இங்கே பாதிப் பேர் தன் தாய்மொழி இல்லாத மொழியில்தான் வேலை பார்க்கிறார்கள். "கேன்" (முடியும்), "கேனாட்" (முடியாது) என்று ஒரே சொல்லில் முடிப்பது இங்கே முழு வாக்கியம். அதில் கோபமும் இல்லை, அலட்சியமும் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகளுக்கு இது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். "இப்ப முடியாதுப்பா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று எதிர்பார்த்துப் போனவனிடம் "கேனாட்" என்றால் பாவம் அவன் என்ன நினைப்பான்? வாட்ஸ்அப்பில் வரும் "நோட்டட்" (குறித்துக்கொண்டேன்) இதே ரகம். எங்கள் மேடம் தமிழர்தான், ஆனால் வேலையிடத்தில் ஆங்கிலம்தான் பேசுவார். அது ஒரு தனிக் குற்றமாகக் குரூப்பில் ஓடியது. "நம்ம ஆளா இருந்துகிட்டு இப்படியா" என்று. சீன மேலாளர் அதையே செய்தால் நமக்கு உறைப்பதில்லை, நம்மவர் செய்தால் மட்டும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூப்பிடாத மாதிரி வலிக்கிறது.

கூடவே இதையும் செய்து பாருங்கள். அவர் சொன்ன அதே வாக்கியத்தைப் பழையவர் சொல்லியிருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பீர்கள்? ஓர் ஆண் சொல்லியிருந்தால்? எங்கள் குரூப்பில் மேடமுக்கு "திமிர்" என்று பெயர் வைத்தோம், அதற்கு முன் தளவாடப் பிரிவில் அதைவிட மோசமாகக் கத்திய ஆண் மேலாளருக்கு "கறார்" என்று பெயர். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

அண்ணன் விட்டுப்போன கடன்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன். புதியவரை எடை போடும்போது எல்லோரும் பழையவரைப் படிக்கல்லாக வைத்துக்கொள்கிறார்கள், அந்தப் படிக்கல் சரியான எடையா என்று யாரும் பார்ப்பதில்லை.

எங்களிடம் ஒரு தம்பி, பேலட்டுக்கும் ராக்குக்கும் நடுவில் விரல் மாட்டி நசுங்கியது. அண்ணன் துடித்துப்போய்விட்டார். தன் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப்போனார், கையில் 200 வெள்ளி (டாலர்) கொடுத்தார், "எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாம் போட வேண்டாம்டா, மூணு நாள் டார்ம்ல (தொழிலாளர் விடுதியில்) ரெஸ்ட் எடு, சம்பளத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அப்படியே பார்த்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் இந்த மாதிரி மனுஷன் எங்கே கிடைப்பார் என்று பேசிக்கொண்டோம். அண்ணன் போன பிறகும் அந்த விரல் முழுதாக மடங்கவில்லை.

மேடம் வந்த இரண்டாவது மாதம், அந்தத் தம்பி பெட்டி கட்டும் வேகம் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அவன் விரலைக் காட்டினான். எப்போது, எங்கே, யாரிடம் சொன்னாய் என்று வரிசையாகக் கேள்வி. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ சூப்பர்வைசர்தானே? இதை ரிப்போர்ட் செய்யவில்லை என்று உனக்குத் தெரியுமா தெரியாதா?" எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

விஷயம் இதுதான். 2020 செப்டம்பர் முதல், வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், இலகுவான வேலை கொடுங்கள் என்று டாக்டர் எழுதினாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். வேலைக் காயத்துக்கான எம்.சி. நாட்களில் முதல் 14 நாள் வரை (ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை) முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருடம் வரை. நிரந்தரமாக உறுப்பு பாதிக்கப்பட்டால் அதற்குத் தனியாக இழப்பீடு உண்டு. ஆனால் விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும். அந்தத் தம்பிக்கு அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. அண்ணனின் 200 வெள்ளி அன்றைக்கு இனித்தது, ஆனால் பதிவாகாத காயத்துக்கு எதை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது? மேடம் அன்று மாலையே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். தம்பியிடம் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. "கிளினிக் ரசீது இருக்கா? நாளைக்குக் கொண்டு வா. மறக்காதே," அவ்வளவுதான்.

அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாசலில் "விபத்தில்லாத நாட்கள்" என்று ஒரு பலகை தொங்கும், அந்த எண் பூஜ்யமாகிவிடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து அவருக்கு அழுத்தம். அவரும் யாரையும் நோகடிக்காமல் இரண்டு பக்கத்தையும் சமாளித்தார். செலவு மட்டும் அந்த விரலுக்கு.

ஆகவே, பழையவர் காலத்தில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவை என்னென்ன என்று உட்கார்ந்து யோசியுங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதிகள், பதிவாகாத காயங்கள், ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காத சலுகைகள். எங்களிடம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு அப்படி ஒன்று. அண்ணன் ஒரு தனி நோட்டில் எழுதி வைத்து, பணமாகக் கொடுக்காமல் பிறகு விடுமுறையாகக் கொடுப்பார். கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும், கூச்சப்படுகிறவனுக்கு நோட்டிலேயே இருக்கும். சட்டப்படி தகுதியுள்ளவர்களுக்கு ஓ.டி. என்றால் குறைந்தது ஒன்றரை மடங்கு, சம்பளக் காலம் முடிந்து 14 நாட்களுக்குள் கையில் வர வேண்டும், மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது. மேடம் அந்த நோட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் கார்டு அடிக்கும் மெஷினுக்கு மாற்றினார். பெரிய கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், நான், என் நண்பர்கள் இரண்டு பேர், அண்ணனோடு தினமும் கோப்பி குடிக்கும் கூட்டம்.

புது விதி வரும்போது இதைத்தான் கேட்க வேண்டும்: இதில் யாருக்கு நஷ்டம்? வாயில்லாதவனுக்கு மட்டும் நஷ்டம் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். செல்லப்பிள்ளைகளுக்கு நஷ்டம் என்றால், ம், நீங்களே அந்தச் செல்லப்பிள்ளையா என்று ஒரு தடவை கண்ணாடியைப் பாருங்கள்.

கெட்ட செய்தியைக் கொண்டுபோய்ப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இது ஒன்றுதான் உண்மையான பரீட்சை, மற்றதெல்லாம் துணைப்பாடம். ஒருவர் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் சரி, அவரிடம் கெட்ட செய்தி போய்ச் சேர்கிறதா?

இதற்கு முன் வேறொரு இடத்தில் வேலை பார்த்தேன். அங்கேயும் இப்படித்தான், தங்கமான ஒருவர் ஓய்வு பெற்று, படபடவென்று பேசும் ஒருவர் வந்தார். அப்போது நான் எதிர்ப்பக்கம் தப்பு செய்தேன். "வெளிப்படையான ஆள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்" என்று எல்லாரிடமும் அவருக்காக வாதாடினேன். ஒரு ஃபோர்க்லிஃப்டில் பிரேக் மெதுவாகப் பிடிக்கிறது என்று அங்கே மூன்று வாரமாக எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. முன்னால் ஒருவர் போய் வேறொரு பழுதைச் சொன்னபோது "நீ என்ன பண்ணினே?" என்றுதான் ஆரம்பித்தாராம். அதற்கப்புறம் யார் போய்ச் சொல்வார்கள்? ஒருநாள் அந்த வண்டி சுவரில் போய் மோதி நின்றது. நடுவில் ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சின்னதாக, உண்மையான ஒரு கெட்ட செய்தியை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணிக்கையில் இரண்டு பெட்டி குறைகிறது, ஒரு ஆர்டர் அரை நாள் தாமதமாகும், இந்த மாதிரி. அவர் முதலில் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். "யார்?" என்று ஆரம்பிக்கிறாரா, "எப்போதிலிருந்து?" என்று ஆரம்பிக்கிறாரா? முகம் சுளிப்பதை விட்டுவிடுங்கள், அது முகத்தின் இஷ்டம். ஒரு வாரம் கழித்து இன்னொரு செய்தியைக் கொண்டுபோக உங்களுக்கே மனசு வருகிறதா, தயங்குகிறதா என்றும் பாருங்கள். உங்களுக்கு வரவில்லை என்றால் உங்களைவிடக் கீழே இருப்பவனுக்கு நிச்சயம் வராது. வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் யாராவது கை தூக்குகிறார்களா, எல்லாரும் பூட்ஸைப் பார்க்கிறார்களா, அதுவும் சொல்லும்.

இதில் மேடம் தேறினார். எண்ணிக்கை குறைவதைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார், "எந்த ராக்? எப்போதிலிருந்து?" என்றார், எழுந்து என்னோடு நடந்து வந்தார். அண்ணனிடம் இதையே சொல்லியிருந்தால் "விடுடா, அடுத்த ஸ்டாக் டேக்கில் சரி பண்ணிக்கலாம்" என்றிருப்பார். அன்பான பேச்சும் கெட்ட செய்தியை அடைக்கும், அவர் மனசு கஷ்டப்படுமே என்று நாமே விழுங்கிவிடுவோம். இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

இதோடு சேர்த்து நாக்கு எந்தத் திசையில் நீள்கிறது என்றும் பாருங்கள். கீழே உள்ளவனிடம் கத்தி, மேலே உள்ளவனிடம் தேன் என்றால் அதை வெளிப்படைத்தன்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் மேலே சொன்ன அந்தப் பழைய ஆள் அந்த ரகம்தான், தலைமையகத்திலிருந்து ஃபோன் வந்தால் குரலே மாறும். மேடம் ஒருநாள் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார், வாரக் கடைசியில் கூடுதலாக நாலு கன்டெய்னர் இறக்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். "முடியாது. ஆள் இல்லை," என்றார். எங்களிடம் பேசும் அதே குரல், ஒரு சொல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மனசு இளகியது.

எதைத் தாக்குகிறார்?

கால்பந்து ரசிகர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 1974இல் லீட்ஸ் யுனைடெட் குழுவை வளர்த்து லீக் பட்டம் வரை கொண்டுவந்த டான் ரீவி இங்கிலாந்துக் குழுவுக்குப் போனதும், அந்த இடத்துக்குப் பிரையன் கிளஃப் வந்தார். ரீவியை ஆட்டக்காரர்கள் தகப்பன் மாதிரி நினைத்தவர்கள். கிளஃபோ அதற்கு முன்பே லீட்ஸ் முரட்டு ஆட்டம் ஆடுகிறது என்று வெளியே பேசிக்கொண்டிருந்தவர். வந்த பிறகும் அவர்கள் வாங்கிய பதக்கங்களைக் குப்பையில் போடச் சொன்னதாக ஆட்டக்காரர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். 44 நாளில் அனுப்பிவிட்டார்கள். அதே மனிதர், அதே வாயோடு, நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் குழுவுக்குப் போய் 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார்.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் மாமா இதைக் கேட்டால் உடனே நம்ம ஊர் சூ செங் குவீயைச் சொல்வார். ஒழுங்கு விஷயத்தில் படு கண்டிப்பு. 1977இல் சமது அல்லாபிச்சை தலைமையில் சிங்கப்பூர்க் குழு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பினாங்கை 3-2 என்று வென்றபோது அவர்தான் பயிற்றுவிப்பாளர். அவ்வளவு கண்டிப்பு இருந்தும் ஆட்டக்காரர்கள் அவரை "அங்கிள் சூ" என்றுதான் அழைத்தார்கள்.

இதை நம் கதையில் இப்படிப் பொருத்திப் பாருங்கள். வந்தவர் நேற்று நீங்கள் சம்பாதித்ததை மட்டம் தட்டுகிறாரா, இன்றைக்கு நடக்கும் வேலையைத் திட்டுகிறாரா? மேடம் ஆறு மாதத்தில் அண்ணன் பெயரை எடுத்து ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, அந்த விரல் விஷயத்தில்கூட. அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். வந்த நாள் முதல் "முன்னால் இருந்தவர் கெடுத்து வைத்திருக்கிறார்" என்றே பேசுகிற ஆளாக இருந்தால், அவர் வேலை பார்ப்பதைவிடச் சாக்கு சேர்ப்பதுதான் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு தப்புதான்

இவ்வளவு சொன்னதால் மேடமுக்கு நான் கட்சி கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருகிறவர்கள் எல்லைப் பாலத்தின் நெரிசலில் பத்து நிமிடம் தாமதமானால் அண்ணன் கண்டுகொள்ள மாட்டார், மேடம் வந்ததும் சிவப்பு மையில் குறித்தார். ஒரு மலேசியத் தங்கச்சி விடிகாலை நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்று நான் போய்ச் சொன்னேன். பதில் வரவில்லை. அடுத்த மாத ரோஸ்டரில் பாலம் தாண்டி வருகிறவர்கள் எல்லாரும் ஒன்பது மணி ஷிஃப்டில் இருந்தார்கள். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. சரி, அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சின்னப் பையனை, வந்து மூன்று வாரம்கூட ஆகாதவனை, லாரி டிரைவர்கள் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார், அவன் மறுநாளே வேலையை விட்டுவிட்டான். இழப்பீட்டுப் படிவம் நிரப்பியதற்கும் இதற்கும் கழித்தல் கூட்டல் கிடையாது. இரண்டும் நோட்டில் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

அதற்குப் பிறகு நான் போய்ப் பேசினேன். இப்படிப்பட்டவர்களிடம் சுற்றி வளைத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். "நீங்கள் ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்" என்றும் கேட்காதீர்கள், அது அவர் குணத்தைப் பற்றிய வாக்குவாதமாகிவிடும். என்ன வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். "திட்டுவது என்றால் ரூமுக்குள் கூப்பிட்டுத் திட்டுங்கள், மேடம். வெளியாட்கள் முன்னால் வேண்டாம்." நிமிர்ந்து பார்த்தார். "நோட்டட்," என்றார். அதற்குப் பிறகு பெரும்பாலும் ரூமுக்குள்தான். பெரும்பாலும்.

பேசியும் நடக்கவில்லை, அல்லது பேச்சு எல்லை தாண்டி மிரட்டல், கேவலமான வசவு, ஒருவனையே குறிவைத்துத் துரத்துவது என்று போகிறது என்றால் அது "ஸ்டைல்" கிடையாது. 2014இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும், டாஃபெப்பிடம் (நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் அமைப்பு) புகார் கொடுக்கலாம். சம்பளம், ஓ.டி. பாக்கி என்றால் டாடெம் (வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு). இங்கே நாள் கணக்கு முக்கியம்: வேலையில் இருக்கும்போது என்றால் பிரச்சினை எழுந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், காரணமில்லாமல் நீக்கினார்கள் என்றால் ஒரே மாதத்துக்குள் போக வேண்டும். அப்போது அந்த நோட்டு கைகொடுக்கும், தேதி போட்டு எழுதியிருந்தால். "திமிராகப் பேசினார்" என்று மட்டும் எழுதியிருந்தால் கைகொடுக்காது.

ஆறாவது மாதம் நோட்டை முழுக்க ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், தீர்ப்பு தானாக வரும், வராவிட்டால் இன்னும் மூன்று மாதம் எழுதுங்கள். எனக்கு வந்த தீர்ப்பு: இவரோடு கோப்பி குடிக்க மாட்டேன், ஆனால் எனக்கு அடிபட்டால் இவர் ஷிஃப்டில்தான் அடிபட வேண்டும்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பை விட்டு நான் வெளியே வந்துவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட் மாமா சொன்னார், குரூப் இன்னும் இருக்கிறதாம், இப்போது காலை வணக்கப் படமும் 4டி லாட்டரி நம்பரும்தான் வருகிறதாம்.